தடுப்பூசியைத் தயாரிப்பது ஒரு முடிவு, போடுவது இன்னொரு முடிவு

ஃப்ளூ சீசன் வந்தால் எல்லா ஊரிலும் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "சும்மா பீதியைக் கிளப்பறாங்க, எல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம்" என்பது ஒரு கட்சி. "ஒண்ணுமே செய்யாம வேடிக்கை பார்க்கறாங்க" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்காரர்கள் கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால் ஒரு உதாரணம் கையில் வைத்திருப்பார்கள்: 1976, அமெரிக்கா, பன்றிக்காய்ச்சல். வராத நோய்க்கு நாலு கோடிப் பேருக்கு ஊசி போட்டு, அந்த ஊசியாலேயே சிலருக்குக் கை கால் விழுந்துபோன கதை.

இந்தக் கதைக்கு ஒரு மூல நூல் இருக்கிறது. 1978-ல் அமெரிக்க அரசே வெளியிட்ட 'தி ஸ்வைன் ஃப்ளூ அஃபேர்'. எழுதியவர்கள் இரண்டு ஹார்வர்ட்காரர்கள். ரிச்சர்ட் நியூஸ்டாட், அமெரிக்க அதிபர்களின் அதிகாரத்தைப் பற்றிப் பேர்பெற்ற புத்தகம் எழுதிய அரசியல் அறிஞர். ஹார்வி ஃபைன்பர்க், அப்போது இளம் மருத்துவர். ஆட்சி மாறி சுகாதாரத்துறைக்குப் புதிதாக வந்த அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோ, "போன தடவை என்னதான் நடந்தது? எனக்குப் பாடம் வேண்டும்" என்று கேட்டு எழுத வைத்த அறிக்கை. அரசாங்க அறிக்கை என்றதும் கொட்டாவி வரும். இது அப்படி இல்லை. யார் எந்த அறையில் யாரிடம் என்ன கேட்டார், என்ன கேட்காமல் விட்டார் என்று நாவல் மாதிரி போகும்.

இந்தப் புத்தகத்தை முதல் கட்சிக்காரர்கள் தங்கள் சாட்சியாகக் கூப்பிடுவதுதான் எனக்கு உறுத்தல். புத்தகம் சொல்வது அதுவே அல்ல. முன்னெச்சரிக்கை தப்பு என்று அது எங்கும் சொல்லவில்லை. தனித்தனியாக எடுத்திருக்க வேண்டிய இரண்டு முடிவுகளை ஒன்றாகக் கட்டியதுதான் தப்பு என்கிறது. அதே சமயம் புத்தகத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

நடந்தது என்ன

1976 பிப்ரவரி தொடக்கம். நியூஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் என்ற ராணுவப் பயிற்சி முகாம். காய்ச்சலோடு இருந்த ஒரு இளம் படைவீரர் இரவு அணிவகுப்புக்குப் போய், சரிந்து விழுந்து இறந்தார். முகாமில் பலருக்கும் காய்ச்சல். பெரும்பாலும் அந்த ஆண்டின் வழக்கமான 'விக்டோரியா' வகை ஃப்ளூ. ஆனால் அட்லாண்டாவில் உள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு, அதாவது சி.டி.சி.க்குப் போன சில மாதிரிகளில் வேறு வைரஸ் இருந்தது. பன்றிகளிடம் காணப்படும் வகை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியிருக்கிறது.

இதில் ஏன் அத்தனை பயம்? 1918-ல் உலகத்தை வாரிக்கொண்டு போன ஃப்ளூவுக்கு இந்தப் பன்றி வைரஸ் சொந்தக்காரன் என்பது அன்றைய அறிவியல் கணிப்பு. 1918 அலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் ஆறே முக்கால் லட்சம் பேர் போனார்கள். (இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல். உலகத்தில் அதிகம் இழந்த நாடு நாம்தான்.) கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது: 1946, 1957, 1968 என்று பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ பெரிதாக மாறுகிறது, அடுத்தது வரும் நேரம்தான் என்று. மூன்று புள்ளிகளை வைத்து இழுத்த கோடு. ஆனாலும் அன்றைக்கு அதை நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை, துறையின் முன்னணி நிபுணர்கள்.

சி.டி.சி. இயக்குநர் டேவிட் சென்சர் மார்ச் 13-ம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். நாடு முழுவதும் எல்லோருக்கும் தடுப்பூசி. செலவு சுமார் 13.5 கோடி டாலர். குறிப்பு எழுதப்பட்ட விதத்தைப் புத்தகம் பிரித்துக் காட்டும் இடம் அருமை. 'வரலாம்' என்று நிபுணர்கள் சொன்னது மேலே ஒவ்வொரு படியாக ஏறும்போது 'வரப்போகிறது' ஆனது. எத்தனை சதவீத வாய்ப்பு என்று யாரும் எண் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் அரசியல்வாதி பின்னால் செத்துப்போகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்கிற மாதிரி அமைந்திருந்தது அந்தக் காகிதம்.

மார்ச் 24-ம் தேதி அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் நிபுணர்களைக் கூப்பிட்டார். போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க், ஆல்பர்ட் சேபின் இருவருமே அந்த அறையில். இருவருக்கும் ஆகவே ஆகாது. அவர்களே ஒத்துப்போகிறார்கள் என்றால் அப்புறம் என்ன! யாருக்காவது மாற்றுக்கருத்து உண்டா என்று கேட்டார் ஃபோர்ட். தனியாகச் சொல்ல விரும்பினால் வாருங்கள் என்று தன் அறையில் போய்க் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அன்றே டி.வி.யில் அறிவித்துவிட்டார்: ஆண், பெண், குழந்தை, எல்லோருக்கும் ஊசி.

ஒட்டிப்போன இரண்டு முடிவுகள்

மார்ச் மாதத்திலேயே முடிவெடுக்க நியாயமான காரணம் ஒன்று இருந்தது. ஃப்ளூ தடுப்பூசியைக் கோழிமுட்டையில் வளர்க்க வேண்டும். கம்பெனிகள் அந்த ஆண்டுக்கான உற்பத்தியை முடித்துக்கொண்டிருந்தன. அடுத்த சுற்று முட்டைக்கு உடனே ஏற்பாடு செய்யாவிட்டால் குளிர்காலத்துக்குள் மருந்து வராது. ஆக, தயாரிக்கும் முடிவைத் தள்ளிப்போட முடியாது.

போடும் முடிவுக்கு அந்த அவசரம் கிடையாது. ஊசி செப்டம்பர், அக்டோபரில்தான் கைக்கு வரும். ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் உலகத்தைக் கவனிக்கலாம். ஆனால் மார்ச்சிலேயே இரண்டும் ஒரே பொட்டலமாக அறிவிக்கப்பட்டன. தேவைக்கு மேல் முன்கூட்டியே முடிவெடுத்தது, மறுபரிசீலனைக்கு வழி வைக்காதது: புத்தகம் அடுக்கும் ஏழு குறைகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை இந்த இரண்டுதான்.

சாஃப்ட்வேர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். கோடை சர்வரில் ஏற்றி வைப்பது வேறு, வாடிக்கையாளருக்குத் திறந்துவிடுவது வேறு. ஏற்றி வைத்துவிட்டு சுவிட்சை அணைத்தே வைத்திருக்கலாம். திறப்பதற்கு முன் "எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் திரும்ப மூடுவோம்" என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால், பிரச்சினை வரும் ராத்திரியில் அதைப் பற்றி நிதானமாக யோசிக்க யாருக்கும் மனசு இருக்காது.

இதே கேள்வியை 1976-ல் ஒருவர் கேட்டார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பொதுச்சுகாதாரப் பேராசிரியர் ரஸ்ஸல் அலெக்சாண்டர், தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் இருந்தவர். எந்தப் புதுத் தகவல் வந்தால் எல்லோருக்கும் போடுவதை விட்டு, கையிருப்பாக வைத்துக்கொள்வதற்கு மாறுவோம் என்பதுதான் அவர் கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. நியூஸ்டாட் பிறகு வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் மேயுடன் சேர்ந்து 1986-ல் எழுதிய 'திங்கிங் இன் டைம்' புத்தகத்தில் இதற்கு 'அலெக்சாண்டரின் கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டார். இந்த விவகாரத்தில் நமக்குக் கிடைத்த ஒரே சொத்து இந்தக் கேள்விதான் என்பேன்.

ஏனென்றால் பதில் எழுதி வைத்திருந்தால், அதைப் பயன்படுத்த வாய்ப்புகள் வரிசையாக வந்தன. ஃபோர்ட் டிக்ஸ் ரத்தப் பரிசோதனையில் சுமார் 230 பேர்வரை தொற்று பெற்றிருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு உறுதியான நோயாளிகள் 13 பேர்தான், இறந்தவர் ஒருவர். முகாமைவிட்டு வெளியே அது பரவவே இல்லை. பிரிட்டனில் தன்னார்வலர்களுக்கு அந்த வைரஸைக் கொடுத்துப் பார்த்ததில் லேசான நோய்தான் வந்தது. ஜூன் மாதப் பரிசோதனையில், குழந்தைகளுக்கு ஒரு டோஸ் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கோளத்தில் குளிர்காலம். அங்கும் எங்கும் பன்றிக்காய்ச்சல் தலைகாட்டவில்லை. சேபினே மனம் மாறி, கையிருப்பு போதும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

வண்டி நிற்கவில்லை. தடுப்பூசியால் வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் பின்வாங்கியதால் நாடாளுமன்றத்தில் மசோதா தேங்கிக் கிடந்தது. ஜூலை கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்கள் மர்மக் காய்ச்சலில் இறக்க, நாடே பதறியது. அது பன்றிக்காய்ச்சல் இல்லை என்று ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பதற்றத்தின் உந்துதலில் மசோதா நிறைவேறி, ஆகஸ்ட் 12-ம் தேதி சட்டமானது. இல்லாத நோய்க்கான திட்டத்தை, சம்பந்தமில்லாத வேறொரு நோய் தள்ளிவிட்டது.

அக்டோபரில் மூன்று மரணங்கள்

அக்டோபர் 1-ம் தேதி ஊசி போடத் தொடங்கினார்கள். 11-ம் தேதி பிட்ஸ்பர்க்கில், ஒரே மையத்தில் போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்துபோனார்கள். பத்திரிகைகள் கொந்தளித்தன, சில மாநிலங்கள் திட்டத்தையே நிறுத்திவைத்தன. ஃபோர்ட் குடும்பத்தோடு டி.வி. முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், கணக்கு என்னுடையது. அன்றைய அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களில் ஆண்டுக்குச் சுமார் நூற்றுக்கு ஐந்து பேர் எப்படியும் இறப்பார்கள். அவர்களில் பத்து லட்சம் பேருக்கு ஊசி போட்டால், அவர்களில் ஆண்டுக்கு 50,000, ஒரு நாளைக்குச் சுமார் 137 பேர், ஊசியே போடாவிட்டாலும் இறந்திருப்பார்கள். ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் என்று பார்த்தால் 270-க்கு மேல். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மையத்துக்கு வரமாட்டார்கள் என்று பாதியைக் கழித்தாலும் நூறைத் தாண்டும். ஊசி இவர்களைக் கொல்லவில்லை. ஆனால் தாத்தாவைச் சாயங்காலம் ஊசிக்குக் கூட்டிப்போய் மறுநாள் காலையில் பறிகொடுத்த குடும்பத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். "இத்தனை லட்சம் பேருக்குப் போடும்போது, போட்ட மறுநாளே சிலர் வேறு காரணத்தால் இறப்பார்கள், ஒவ்வொன்றையும் விசாரிப்போம்" என்று செப்டம்பரில் சொன்னால் அது தகவல். அக்டோபர் 12-ம் தேதி சொன்னால் சமாளிப்பு. ஒரே வாக்கியம்தான், தேதி மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது.

நவம்பரில் நிஜமான பக்கவிளைவு வந்தது. கில்லன்-பாரே நோய்: உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கி, கை கால் செயலிழக்கும். பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், சிலர் தேறுவதில்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில் இது கூடுதலாக வந்தது. டிசம்பர் 16-ம் தேதி திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் நாலு கோடிப் பேருக்கு மேல் போட்டாயிற்று.

லட்சத்தில் ஒருவர் என்பது பெரிய ஆபத்தா, சின்னதா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 1918 அலை அமெரிக்காவில் லட்சத்துக்குச் சுமார் 650 பேரைக் கொண்டுபோனது. அதைத் தடுக்கும் ஊசி என்றால், லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவைச் சொல்லிவிட்டுத் தாராளமாகப் போடலாம். எதிரே நோயே இல்லை என்றால் அந்த ஒருவரும் அதிகம். ஊசி அதே ஊசிதான். தராசின் மறுதட்டு காலியாக இருந்தது. அது காலி என்று ஆகஸ்டிலேயே தெரியும்.

இன்னொரு வேதனையையும் புத்தகம் பதிவு செய்கிறது. முதியவர்களுக்கான ஊசியில், பன்றி வைரஸுக்கும் வழக்கமான விக்டோரியா வைரஸுக்கும் சேர்த்து ஒரே குப்பியில் மருந்து வைத்திருந்தார்கள். டிசம்பரில் ஒன்றை நிறுத்தியபோது மற்றதும் நின்றது. குளிர்காலத்தில் மயாமியில் ஒரு முதியோர் இல்லத்தில் விக்டோரியா ஃப்ளூ பரவியது. புது அமைச்சர் கலிஃபானோ பதவியேற்ற சில வாரங்களில், முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் ஊசியைத் திரும்பத் திறந்துவிட வேண்டியதாயிற்று. இரண்டை ஒன்றாகக் கட்டினால் வரும் வினை, முடிவிலும் சரி, குப்பியிலும் சரி.

புத்தகத்தின் ஓட்டை

இதுவரை புத்தகத்தின் பக்கம் பேசியாயிற்று. இனி என் குறை.

முதலாவது, இந்தப் புத்தகத்தில் ஜனங்களே இல்லை. அதிபர், செயலாளர்கள், நிபுணர்கள், டி.வி. நிருபர்கள் எல்லோரும் உயிரோடு நடமாடுகிறார்கள். ஊசிக்கு வரிசையில் நின்ற கிழவி எங்கே? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன நர்ஸ் எங்கே? அவர்கள் சதவீதமாக மட்டும் வருகிறார்கள். 'நம்பகத்தன்மை குலைந்தது' என்று ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள், சரி. ஆனால் அது நிறுவனங்களுக்கு வந்த நஷ்டமாகவே எழுதப்படுகிறது. நம்பிக்கை வைத்தவர்களின் தரப்பிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அவர்கள் பயந்தது அறியாமையால் அல்ல. பயப்படு என்று சொன்னது அரசு. அப்புறம் பயப்படாதே என்று சொன்னதும் அதே அரசு. நடுவில் என்ன மாறியது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, ஊசியைத் தவிர வேறு முன்னெச்சரிக்கைகளுக்கு இதில் ஏறக்குறைய இடமே இல்லை. திட்டமே அப்படித்தான் இருந்தது, விமர்சனமும் அதே சட்டத்துக்குள் நின்றுவிட்டது. இந்த முழுக்கதையும் எங்கே தொடங்கியது? காய்ச்சலோடு ஒரு பையன் ராத்திரி அணிவகுப்புக்குப் போனதில். படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் காய்ச்சல்காரரைப் படுக்க வைப்பதற்கு 13.5 கோடி டாலர் தேவையில்லை. சம்பளம் பிடிக்காமல் லீவு, நெரிசலைக் குறைப்பது, மூச்சுவாங்கினால் உடனே டாக்டர் போன்றவற்றை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். தப்பாகப் போனால் இழப்பு குறைவு. நிச்சயமில்லாத நேரத்தில் முதலில் செய்ய வேண்டியவை இவைதான்.

மூன்றாவது, தலைப்பு. 1983-ல் இதே நூல் 'வராமல் போன கொள்ளைநோய்' என்று பொருள்படும் புதுத் தலைப்போடு மறுபடி வந்தது. விற்பனைக்கு நல்ல தலைப்பு. ஆனால் உள்ளே இருக்கும் வாதத்தையே கவிழ்த்துவிடுகிறது. முடிவெடுத்த விதத்தை எடைபோடு, விளைவை வைத்து எடைபோடாதே என்று புத்தகம் சொல்ல, அட்டையோ விளைவை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டது. மழை வராத நாளில் குடை எடுத்துப்போனவன் முட்டாள் இல்லை. முதல் கட்சிக்காரர்கள் அட்டையோடு நின்றுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சென்சர் தரப்பையும் சொல்ல வேண்டும். பதவி பறிக்கப்பட்ட அவர், முப்பது ஆண்டு கழித்து 2006-ல் சக அதிகாரி ஒருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் குறைவாகச் செய்து தவறுவதைவிட அதிகமாகச் செய்து தவறுவதே மேல் என்பது அவர் நிலை. மார்ச் மாதத்துக்கு அது சரியான பதில். அன்று அவர் இடத்தில் இருந்தால் மருந்து தயாரிக்க நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆகஸ்டுக்கு அது பதிலே அல்ல.

ஃபைன்பர்க்குக்கு வரலாறு இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தது. 2009-ல் உண்மையிலேயே ஒரு புது எச்1என்1 உலகைச் சுற்றியது. புணேயில் மாஸ்க்குக்கு அடிதடி நடந்த அந்த ஆகஸ்ட் பலருக்கு நினைவிருக்கும். அப்போது உலக சுகாதார நிறுவனம் செயல்பட்ட விதத்தை ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 2011-ல் வந்த அந்த அறிக்கை சுட்டிய குழப்பங்களில் ஒன்று: எச்சரிக்கைப் படிகள் நோய் எவ்வளவு தூரம் பரவியது என்பதை வைத்து ஏறின, எவ்வளவு கடுமையானது என்பதை வைத்து அல்ல. ஆறாம் படி என்றதும் ஜனங்கள் '1918' என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது ஆண்டு கழித்தும் அதே நோய்: எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை யாரும் அளந்து சொல்லவில்லை.

நம் வீட்டு அளவில் இதை எப்படி எடுத்துக்கொள்வது? அடுத்த முறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'புது வைரஸ்' என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி போதும். பரவுகிறதா, கடுமையாக இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. நான் செய்யப்போவது திரும்பப் பெறக்கூடிய காரியமா? கை கழுவுவது, காய்ச்சல் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது, கூட்டத்தில் மாஸ்க் போன்றவற்றை யோசிக்காமல் செய்யலாம். வீட்டில் முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை அல்லது ஆஸ்துமாக்காரர் இருந்தால் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டு வையுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வைரஸ் மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், அதனால் 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்காதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது.

மூன்றாவது கேள்வி அலெக்சாண்டருடையது. எந்தத் தகவல் வந்தால் இதை நிறுத்துவேன், எது வந்தால் இன்னும் இறுக்குவேன்? பதிலைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். அரசும் இதை எழுதி, தேதி போட்டு, எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். 1976-ல் அந்த ஒரு தாள் இருந்திருந்தால், செப்டம்பரில் மருந்து குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும், கில்லன்-பாரே வந்த சில நூறு பேர் வழக்கம்போல வேலைக்குப் போயிருப்பார்கள். நாமும் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.